நூற்று எண்பத்தாறு முதலாளிகள்

கிரேஸ் ஹார்பர், வாஷிங்டன் மாநிலம்
1974 நவம்பர் 10, ஞாயிறு

மதிப்பும் பாசமும் நிறைந்த ஐலி அக்காவுக்கு,

உன் தம்பி ஆர்வோ வணங்கி எழுதுவது. இந்தக் கடிதம் டுலூத்துக்கு வந்து சேரும்போது உன் முழங்கால் வலி குறைந்து, ஹெய்க்கி அத்தானுக்கு இருமல் நின்று, இருவரும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே நானும் லெம்பியும் உடம்பளவில் சுகம். மழை பெய்கிறது. போன கடிதத்திலும் இதையேதான் எழுதியிருந்தேன். அதே மழைதான், இன்னும் நிற்கவில்லை.

நீ இரண்டு கேள்வி கேட்டிருந்தாய். என் மைத்துனன், லெம்பியின் தம்பி வைனோவைப் பற்றி இரண்டு மாதமாக நான் ஒரு வரிகூட எழுதாதது ஏன் என்பது ஒன்று. முதலாளியே இல்லாத ஆலையில் சண்டை வர என்ன இருக்கிறது என்பது இன்னொன்று. இரண்டுக்கும் ஒரே பதில்தான், ஆனால் கொஞ்சம் நீளம். கண்ணாடியைத் தேடி எடுத்துக்கொண்டு உட்கார்.

எங்கள் ப்ளைவுட் ஆலையில் வேலை செய்கிற நூற்று எண்பத்தாறு பேரும்தான் அதன் உடைமையாளர்கள். ஆளுக்கு ஒரு பங்கு, ஒரு ஓட்டு. தரை கூட்டுகிறவருக்கும் மரம் சீவுகிறவருக்கும் ஒரே கூலி. லெம்பியும் அவள் அப்பாவின் பங்கை வைத்துக்கொண்டு, மெல்லிய மரத்தகட்டில் கணு விழுந்த ஓட்டைகளை அடைக்கும் மேசையில் பத்து வருஷமாக நிற்கிறாள். நாங்கள் ஓட்டுப் போட்டு ஒன்பது பேர் குழுவைத் தேர்ந்தெடுப்போம். அந்தக் குழு ஒரு மேலாளரை வேலைக்கு வைக்கும். அந்த மேலாளர் எங்களை வேலை வாங்குவார். அதாவது நாங்கள் சம்பளம் கொடுத்து வைத்த ஆளிடம் நாங்களே திட்டு வாங்குகிறோம். இதைப் படமாக வரைந்தால் ஏணி வராது, வட்டம்தான் வரும்.

ஹாஸ்கின்ஸ் என்ற மேலாளர் பதினான்கு மாதம் தாக்குப்பிடித்தார். ஒழுங்கான மனிதர், மழையிலும் கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு வருவார். பசை கலக்குகிற வைனோ, தகடுகளை அழுத்தி ஒட்டுகிற பிரஸ்ஸுக்குப் போகிற நீராவிக் குழாய்மேல் ஒரு சட்டியை வைத்துக் காபி சூடு பண்ணுவது வழக்கம். ஜூலை மாதம் ஹாஸ்கின்ஸ் அதை எடுக்கச் சொன்னார்.

"உனக்குச் சம்பளம் குடுக்கறவன்கிட்டயே சட்டியை எடுன்னு சொல்றியா? நான் உன் முதலாளிய்யா!" என்றான் வைனோ.

"பொதுக்கூட்டம் நடக்கிற அன்னிக்கு நீங்க எனக்கு முதலாளி. மத்த நாளெல்லாம் நான்தான் உங்களுக்கு. சட்டியை எடுங்க," என்றார் ஹாஸ்கின்ஸ்.

அடுத்த பொதுக்கூட்டம் ஆகஸ்டில் வந்தது. நூற்றுப் பன்னிரண்டுக்கு அறுபத்தொன்று என்ற கணக்கில் அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டோம். அன்று வைனோ மேடையேறிப் பேசியதை நீ கேட்டிருக்க வேண்டும். "நம்ம வேலை நமக்குத் தெரியாதா? மரம் சீவறவங்க உலர்த்தறவங்ககிட்ட பேசிக்கட்டும், உலர்த்தறவங்க எங்ககிட்ட பேசிக்கட்டும். சந்தையில நாலு பேர் பேசி வாங்கி விக்கல? நடுவுல கழுத்துப்பட்டை கட்டிக்கிட்டு ஒருத்தன் எதுக்கு?" கூடம் அதிர்ந்தது. நானும் கைதட்டினேன் அக்கா, அதை மறைக்க மாட்டேன். மேலாளர் வேண்டாம், குழுவுக்கு ஒரு தலைவர் மட்டும் போதும் என்று முடிவாகி, என்னைத் தலைவராக்கினார்கள். யாருக்கும் என்மேல் கோபம் இல்லை என்பதுதான் என் தகுதி. அந்தத் தகுதி சரியாக மூன்று வாரம் இருந்தது.

முதல் வாரம் கல்யாண வீடு மாதிரி இருந்தது. எல்லாரும் எல்லாருக்கும் வழிவிட்டார்கள். இரண்டாம் வாரம் சீவல் பிரிவுக்காரர்கள் சீக்கிரம் வீடு போவதற்காக வேகவேகமாகச் சீவினார்கள். தகடு ஒரு பக்கம் தடிப்பு, ஒரு பக்கம் மெலிசு. உலர்த்தும் பிரிவு அதை வாங்க மாட்டேன் என்றது. உட்கார்ந்து பேசி ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். மறுநாள் மழையில் ஊறிய மரம் வந்தது, அதைப் பற்றித் தாளில் ஒன்றும் இல்லை, இன்னொரு தாள். அதற்கு மறுநாள் மரத்துக்குள் பழைய வேலி ஆணி இருந்து கத்தி உடைந்தது, இன்னொரு தாள். மாதம் முடியும்போது சுவரில் நாற்பத்தொரு தாள் ஒட்டியிருந்தது. காலையில் வந்ததும் ஜனங்கள் முதலில் சுவரைப் படிப்பார்கள், அப்புறம் வாக்குவாதம், அதற்குள் பத்து மணி ஆகிவிடும்; பிரஸ் சூடாகி, ஆறி, மறுபடி சூடாகிக் காத்திருக்கும்.

செப்டம்பர் கடைசியில் உலர்த்தி எந்திரத்தின் வாயில் ஒரு தகடு சுருண்டு சிக்கிக்கொண்டது. உலர்த்தும் பிரிவு ரெய்னோவும் சீவல் பிரிவு ஆஸ்கரும் அதன் இரு பக்கமும் நின்றார்கள்.

"உன் தகடு ஈரம். அதான் சுருண்டுடுச்சு. நீ எடு."

"உலர்த்தி வாய் வரைக்கும்தான் என் பொறுப்பு. சுவத்துல போய்ப் படி."

"பாதி வெளிய நிக்குதே!"

"பாதி உள்ள போயிடுச்சே!"

யாரோ ஒருவர் தாளைக் கிழித்துவரப் போனார். தாள் வந்தது, படித்தார்கள், பாதி என்ற சொல் அதில் இல்லை. அதற்குள் உள்ளே போன பாதி புகைய ஆரம்பித்துவிட்டது. அக்கா, காய்ந்த மரத்தகடு பற்றினால் என்ன ஆகும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. இருபது பேர் புகையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். நான் உரக்கப் பேசாதவன் என்று உனக்குத் தெரியும். அன்று என் தொண்டையிலிருந்து என்னுடையதல்லாத ஒரு சத்தம் வந்தது. "எல்லாரும் வெளிய போங்க! ரெய்னோ, நீராவியை அடை! ஆஸ்கர், தண்ணியத் தொற! நிக்காத, ஓடு!" ஓடினார்கள். ஒருவரும் எந்தத் தாளில் இருக்கிறது என்று கேட்கவில்லை. கால் மணியில் தீ அணைந்தது. உலர்த்தியின் ஒரு கதவு மட்டும் போச்சு.

அடுத்த கூட்டத்தில் இரண்டு தீர்மானம் போட்டார்கள். ஆலையைக் காப்பாற்றியதற்குத் தலைவருக்கு நன்றி. யாரையும் கலந்து பேசாமல் சக உடைமையாளர்களைப் பார்த்துக் கத்தியதற்குத் தலைவருக்குக் கண்டனம். இரண்டும் நிறைவேறின. இரண்டுக்கும் நானும் கை தூக்கினேன், ஏனென்றால் இரண்டும் நியாயமாகத்தான் பட்டது.

இந்தச் சமயத்தில்தான் கலிபோர்னியாவிலிருந்து இரண்டு பேராசிரியர்கள் வந்தார்கள். தொழிலாளர்களே உடைமையாளர்களாக இருக்கிற ஆலைகளைப் பார்த்து எழுதுகிறார்களாம். ஊரில் இருக்கும் ஒரே விடுதியில் கூரை ஒழுகியதால் நம் வீட்டில் தங்கினார்கள். ஃபெல்ட்கேம்ப் என்பவர் பொருளாதாரம். நெட்டையாக, எதையும் விலைபோட்டுப் பார்க்கிற கண்ணோடு இருப்பார். மரியன் ஸ்ட்ரூட் என்ற அம்மாள், மனிதர்கள் கூடி வேலை செய்கிற நிறுவனங்களைப் பற்றிப் பாடம் எடுப்பவர். குட்டையாக, ஏலக்காய் ரொட்டியைப் பிய்த்துக் காபியில் நனைத்தபடியே மற்றவர் பேசி முடிக்கும்வரை காத்திருப்பார். முப்பது வருஷம் குடித்தனம் நடத்தியவர்கள் மாதிரிச் சண்டை போட்டார்கள். கல்யாணமெல்லாம் இல்லை, ஒரு புத்தகத்தைச் சேர்ந்து எழுதுகிறார்கள், அவ்வளவுதான்.

தீப்பிடித்த கதையைச் சொன்னேன். ஃபெல்ட்கேம்ப் மேசையைத் தட்டினார். "நாப்பத்தோரு ஒப்பந்தம் எழுதினீங்க. நாப்பத்திரண்டாவது விஷயம் நடந்துச்சு. உலகத்துல எப்பவும் அதுதான் நடக்கும். வரப்போறதையெல்லாம் முன்னாடியே எழுதி வைக்க முடியாது. வர வரப் பேரம் பேசினா, பேரமே பொழுதைத் தின்னுடும். அதனால ஜனங்க, 'எழுதாம விட்டதையெல்லாம் அவர் சொல்லட்டும், நாம செய்வோம்'னு ஒருத்தர்கிட்ட விட்டுடறாங்க. முதலாளிங்கறது அவ்வளவுதான். பேரத்தை மிச்சம் பண்றதுக்கு ஒரு வழி."

மரியன் ரொட்டியை விழுங்கிவிட்டு என்னைப் பார்த்தார். "நீங்க கத்தினப்ப அவங்க ஏன் கேட்டாங்க?"

"தீப் பிடிச்சுதேம்மா."

"நீங்க கத்தறதுக்கு முன்னாடியும் தீ இருந்துதே. நீராவிய அடைக்க ரெய்னோவுக்குத் தெரியாதா?"

"இருபது வருஷமா அவன்தான் அடைக்கிறான்."

"அப்புறம்?"

அவரே பதிலும் சொன்னார். "ஒரு ஆளோட கண்ணுக்கு அவன் நிக்கிற நாலடி இடம்தான் தெரியும். மத்ததெல்லாம் என்ன ஆகுதோன்னு அவன் யோசிக்க ஆரம்பிச்சா கை நின்னுடும். ஒருத்தர் சொல்லிட்டா அந்தக் கவலை இறங்கிடுது. ஆனா உத்தரவுக்கு உயிர் சொல்றவர் வாயில இல்ல, கேக்கறவர் காதுல இருக்கு. ஹாஸ்கின்ஸ் எதைச் சொன்னா கேக்கலாம், எதைச் சொன்னா கேக்கக் கூடாதுன்னு உங்க எல்லார் மனசுலயும் ஒரு கோடு இருந்திருக்கு. காபிச் சட்டி கோட்டுக்கு அந்தப் பக்கம். தீ இந்தப் பக்கம்."

"அந்தக் கோட்டை யாரு போட்டா?" என்றேன்.

"அதைத்தான் பத்து வருஷமா தேடிக்கிட்டிருக்கோம்," என்றார். அதில் மட்டும் இரண்டு பேரும் ஒத்துப்போனார்கள்.

சாயங்காலம் ஃபெல்ட்கேம்பை நீராவிக் குளியலுக்கு எங்கள் சவுனாவுக்கு அழைத்துப்போனேன். மேல் படியில் உட்கார்ந்து ஆரம்பித்தார்: ஒருவன் சோம்பினால் அவனுக்கு நஷ்டம் நூற்று எண்பத்தாறில் ஒரு பங்குதான், மற்றதை மற்றவர்கள் சுமப்பார்கள், ஆகவே யாராவது மேற்பார்வை பார்க்க வேண்டும், ஆனால் மேற்பார்வை பார்க்கிறவன் சோம்பினால் அவனை யார் பார்ப்பது? நான் கொதிக்கும் கல்லில் ஒரு குவளை தண்ணீர் ஊற்றினேன், ஆவி குப்பென்று மேலே ஏறியது. மிச்சத்தை அவர் கீழ்ப்படியில் கதவுக்குப் பக்கத்தில் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு சொன்னார். ஆனால் அந்தக் கேள்வி என் மண்டையை விட்டு இறங்கவில்லை.

மறுநாள் காலையிலேயே பதில் தொலைபேசியில் வந்தது. தெற்கே படகு கட்டுகிற ஒருவர் எங்கள் பலகையை வாங்கி ஒரு மீன்பிடி படகின் அடிப்பாகத்துக்கு அறுத்திருக்கிறார். பலகை புத்தகம் மாதிரிப் பிரிந்து வந்துவிட்டதாம். அறுக்கும்போதே பிரிந்ததால் பிழைத்தோம். அந்தப் படகில் நான்கு பேர் கடலுக்குப் போக இருந்தார்கள், அக்கா.

வைனோவிடம் போனேன். பசையைக் கலந்தால் சில மணி நேரத்துக்குள் பூசிவிட வேண்டும், இல்லாவிட்டால் பிடிக்காது. அவன் என்ன செய்திருக்கிறான் என்றால், காலையில் ஒரே மூச்சில் நாள் முழுவதுக்குமான பசையைக் கலந்து வைத்துவிட்டு, மூலையில் உட்கார்ந்து குறுக்கெழுத்து போட்டிருக்கிறான். மத்தியானத்துக்கு மேல் பூசியதெல்லாம் செத்த பசை. பக்கத்தில் வேலை செய்தவர்களுக்கும் தெரியும். யாரும் சொல்லவில்லை, அது அவர்கள் நாலடி இல்லையே.

"தாள்ல எத்தனை பீப்பாய்ன்னுதான் போட்டிருந்துச்சு அத்தான். எந்நேரத்துப் பசைன்னு யாரும் எழுதல," என்றான்.

"இனிமே வேற ஆள் கலக்கட்டும். அளவைச் சொல்லிக் குடு."

வைனோ சிரித்தான். அளவு எந்தக் காகிதத்திலும் இல்லை. மழைக்கு எவ்வளவு, குளிருக்கு எவ்வளவு, எந்த மரத்துக்கு எவ்வளவு, எல்லாம் அவன் தலைக்குள் இருந்தது. "சொல்றேன். ஆனா என் பக்கத்துல நின்னு யாரும் வேவு பாக்கக் கூடாது. குளிர்காலம் பூரா எனக்குப் பகல் வேலை. அப்புறம் என் காபிச் சட்டியைப் பத்தி இனிமே ஒரு பய வாயைத் திறக்கக் கூடாது."

எனக்குப் பின்னால் நின்ற ஃபெல்ட்கேம்ப் வேகவேகமாக எழுதியதில் பென்சில் முறிந்துவிட்டது. "பத்து வருஷமா வகுப்புல இதைச் சொல்றேன். ஒருத்தருக்கு மட்டுமே தெரிஞ்ச வேலை இருந்தா அவர் மத்தவங்க கழுத்தைப் பிடிப்பார்னு. கண்ணால பாக்கறது இப்பதான்!" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். பிடிபட்ட கழுத்து என்னுடையது என்பது அவருக்குத் தோன்றவில்லை.

வைனோவை இரண்டு வாரம் வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். தலைவருக்கு அந்த அதிகாரம் கிடையாது. தெரிந்துதான் செய்தேன். பசை இல்லாமல் ஆலை நின்றது. வீட்டுக்கு வந்தால் லெம்பி சமையலறை வாசலில் நிற்கிறாள்.

"என் தம்பிய வெளிய போடான்னு சொல்ல நீங்க யாரு?"

"குழுத் தலைவர்."

"அங்க தலைவர். இங்க?"

மேசையில் உட்கார்ந்திருந்த மரியன் அம்மாள் குறிப்பேட்டை மூடிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். அவர் படித்தவர் என்று எனக்கு அப்போதுதான் முழு நம்பிக்கை வந்தது. அன்றிலிருந்து என் காபியை நானே போட்டுக்கொள்கிறேன்.

மூன்றாம் நாள் பொதுக்கூட்டம். படகுக்காரர் திருப்பி அனுப்பிய பலகையை மேசைமேல் வைத்திருந்தேன். வைனோ மார்பை நிமிர்த்திக்கொண்டு, ஒரு பேச்சைத் தயார் பண்ணிக்கொண்டுதான் வந்தான். மேடைக்கு வந்தவன் பலகையைப் பார்த்தான். அதன் ஓரத்தில் கட்டைவிரலை வைத்து லேசாகத் தள்ளினான். மேல் தகடு சத்தமில்லாமல் கழன்று வந்தது. அதைத் திருப்பி, காய்ந்த பசையை நகத்தால் சுரண்டிப் பார்த்தான்.

"இதை நான் பாக்கல," என்றான் கடைசியில். "ஹாஸ்கின்ஸ் இருந்திருந்தா மத்தியானம் ஒரு தடவை வந்து கத்தியிருப்பான். நானும் அவனைத் திட்டிக்கிட்டே புதுப் பசை கலக்கியிருப்பேன். யாரும் வரல. யாரும் வரலைன்னதும் எனக்கு உள்ளுக்குள்ள ஒரு மாதிரி இருந்துச்சு, செய்யறது யாருக்காவது வேணுமா வேணாமான்னே தெரியல. சரி, உக்காரலாம்னு உக்காந்துட்டேன்." அவ்வளவுதான் பேசினான். தயார் பண்ணிய பேச்சு சட்டைப்பையிலேயே இருந்துவிட்டது. மறுநாள் பசைக் கணக்கை ஒன்பது பக்கம் எழுதிக் கொடுத்தனுப்பினான். இரண்டு வாரத் தண்டனையைக் குறைக்கச் சொல்லிக் கேட்கவே இல்லை.

அன்றைக்கே ஹாஸ்கின்ஸைத் திரும்பக் கூப்பிட முடிவானது. நான்தான் தொலைபேசினேன். அவர் நிதானமாக ஒரு நிபந்தனை சொன்னார். "ஒரு கூட்டத்துல கைதட்டி என்னை அனுப்பினீங்க. இன்னொரு கூட்டத்துல கைதட்டிக் கூப்பிடறீங்க. மேலாளரை ரெண்டு வருஷத்துக்கு யாரும் நீக்க முடியாதுன்னு விதியை மாத்துங்க. அப்புறம் யோசிக்கிறேன்." இதைச் சொன்னதும் கூட்டத்தில் பெரிய இரைச்சல். நம் கையை நாமே கட்டிக்கொள்வதா என்றார்கள். நான் எழுந்து, கட்டாத கை என்ன செய்தது என்று பார்த்தோமே, பிடிக்காத உத்தரவு வந்த அன்றைக்கே ஆளை மாற்றுவோம் என்றால் உத்தரவு போடும் துணிச்சல் எந்த மனிதனுக்கு வரும் என்று கேட்டேன். என் வாழ்க்கையிலேயே நீளமான பேச்சு அதுதான். நூற்று நாற்பதுக்கு முப்பத்தொன்பது. விதி மாறிவிட்டது, வக்கீல் முத்திரையும் போட்டாயிற்று. எங்களை வேலை வாங்குகிறவரைக் குழு பார்த்துக்கொள்ளும், குழுவை நாங்கள் பார்த்துக்கொள்வோம், எங்களை அவர் பார்த்துக்கொள்வார். வட்டம் வட்டம்தான், ஆனால் இந்தத் தடவை கொஞ்சம் மெதுவாகச் சுற்றும்.

ஆக, அக்கா, ஆலைக்கு ஒரு முடிவு வந்துவிட்டது. டிசம்பர் இரண்டாம் தேதி ஹாஸ்கின்ஸ் வந்துவிடுவார், நான் பதவியை இறக்கி வைத்துவிட்டு நிம்மதியாகத் தூண்டிலை எடுக்கலாம். தீராதது ஒன்றுதான். நான் வைனோ வீட்டுக்குப் போய்ச் சமாதானம் பேச வேண்டும் என்று லெம்பி எதிர்பார்க்கிறாள். தப்புச் செய்தவன் அவன், முதலில் அவன்தான் வர வேண்டும் என்று எனக்கு. அவனோ லெம்பி கூப்பிடாமல் வரமாட்டான். யார் முதலில் போவது என்று சொல்ல எங்கள் மூன்று பேருக்கும் மேலே ஆள் இல்லை. ஃபெல்ட்கேம்பிடம் கேட்டேன், குடும்பம் தன் துறையில் வராது என்று காருக்குள் ஏறிவிட்டார். அதனால் உன்னைக் கேட்கிறேன். நீ போ என்றால் போகிறேன், இரு என்றால் இருக்கிறேன். அப்பா இறந்த வருஷத்திலிருந்து நீ சொன்னதைக் கேட்டுத்தான் பழக்கம். அது எந்தத் தாளிலும் எழுதியிருக்கவில்லை.

ஹெய்க்கி அத்தானுக்கு என் வணக்கத்தைச் சொல். உங்கள் ஏரி இந்த வருஷம் சீக்கிரமே உறைந்து, அத்தான் பனிக்கட்டியில் போடும் துளையிலெல்லாம் மீன் கிடைக்கட்டும். கிறிஸ்துமஸுக்கு இருவரும் கட்டாயம் வர வேண்டும். அதற்குள் இங்கே எல்லாம் அடங்கியிருக்கும்.

என்றும் உன் சொல்லுக்குக் கட்டுப்பட்ட தம்பி,
ஆர்வோ

பின்குறிப்பு (வெள்ளிக்கிழமை): வீட்டில் தபால்தலை தீர்ந்துபோய்க் கடிதம் அலமாரியிலேயே கிடந்தது, அதற்குள் மேலே எழுதியதெல்லாம் பழசாகிவிட்டது. ஹாஸ்கின்ஸ் வரவில்லை. யோசித்துப் பார்த்தாராம், இந்த மழைக்கு மறுபடி வரமாட்டேன் என்று மனைவி சொல்லிவிட்டாராம். ஆனால் விதி மாற்றியது மாற்றியதுதான், அதில் ஹாஸ்கின்ஸ் என்று பெயர் போடவில்லை. யார் மேலாளர் ஆனாலும் இரண்டு வருஷம் அசைக்க முடியாது. நேற்றுச் சாயங்காலம் கூடினோம். இனி வெளியாளைத் தேட ஒருவருக்கும் பொறுமை இல்லை. யாரோ கேலியாக "வைனோ!" என்று கத்தினார்கள். எல்லாரும் சிரித்தோம். சிரிப்பு அடங்கும்போது ரெய்னோ எழுந்து, "எப்படியெல்லாம் டிமிக்கி குடுக்கலாம்னு தெரிஞ்ச ஆளை ஏமாத்த முடியாது. தப்பை எல்லார் முன்னாடியும் ஒத்துக்கிட்டவனும் அவன் ஒருத்தன்தான்," என்றான். தொண்ணூற்று ஏழுக்கு எண்பத்து நான்கு. வைனோதான் மேலாளர், இரண்டு வருஷத்துக்கு. நான் அவனுக்குத்தான் ஓட்டுப் போட்டேன். லெம்பி எதிர்த்துப் போட்டாள். "என் தம்பிய விட்டுக்குடுக்க மாட்டேன், அது வேற. அவனுக்குக் கீழ வேலை பாக்கச் சொன்னா, அது வேற," என்கிறாள்.

இன்று காலை என்னை அலுவலறைக்குக் கூப்பிட்டான். கழுத்துப்பட்டை கட்டியிருந்தான், கோணலாக. ஞாயிற்றுக்கிழமை நானும் லெம்பியும் அவன் வீட்டுக்குச் சாப்பிட வர வேண்டும், இது மேலாளர் உத்தரவு என்றான். எனக்கு அப்பாடா என்று இருந்தது, சரி என்றுவிட்டேன். லெம்பி மாட்டேன் என்கிறாள். ஞாயிற்றுக்கிழமை ஆலை விடுமுறையாம், அவன் உத்தரவு அன்றைக்குச் செல்லாதாம்.